பிரித்துப் பின்னிய மப்ளர்

கண்ணு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைப் பார்த்து இன்றோடு ஆறு நாள் ஆகிறது. நீலக் கோடு விழுந்திருக்கும். அப்பா பார்த்துவிட்டார், ஏதோ நல்ல டிசைனாகத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்திருப்பாய். "கல்யாணத்துக்கு முன்னாடி சுகந்திக்கு ஒரு கோடு போட்ட மப்ளர் பின்னித் தரலாம்னு இருக்கேன்ப்பா. அவளுக்குத்தான் உருப்படியா முடிக்க வராதே, நானே போட்டுடறேன். வித்தியாசமா என்ன பின்னல் போடலாம்?" என்று கேட்டிருந்தாய். கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மை வேறு. நீ சிரித்துவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போயிருப்பாய். எனக்கு அன்று மத்தியானச் சோறு இறங்கவில்லை. "ஏனுங்க, கொழம்பு ஒறைக்குதுங்களா?" என்று உன் அம்மா கேட்டாள். குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். முப்பத்தோரு வருஷம் இந்த மலையில் கைத்தொழில் வாத்தியாராக இருந்தவனிடம் பின்னலைப் பற்றிக் கேட்டால், சாகக் கிடந்தாலும் எழுந்து உட்கார்ந்து பதில் சொல்வான். கோடு போட்ட மப்ளருக்குப் பின்னல் தேர்ந்தெடுப்பது ஒரே நிற மப்ளருக்குத் தேர்ந்தெடுப்பது மாதிரி இல்லை. நிறம் ஒரு பேச்சுப் பேசும், பின்னல் ஒரு பேச்சுப் பேசும். இரண்டும் சேர்ந்து கத்தினால் எதுவும் காதில் விழாது. எல்லா வரியிலும் ஊசியில் ஏறுகிற கண்ணியை நேராகவே போட்டுக்கொண்டு போனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மேடும் பள்ளமுமாக வரும், ஓரம் சுருளாது. மப்ளருக்கு அதைவிடப் பத்திரமான பின்னல் கிடையாது, ஆனால் உனக்குப் பத்து வரியில் சலித்துவிடும். இரண்டு கண்ணி நேர், இரண்டு கண்ணி புரட்டு என்று ஏற்றினால் கழுத்தைக் கவ்விப் பிடிக்கும். நிறம் மாறுகிற வரியை மட்டும் முழுக்க நேராகப் போட்டுவிடு, இல்லாவிட்டால் பழைய நிறம் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கும். அங்கங்கே ஒரு கண்ணியைப் பின்னாமல் அப்படியே அடுத்த ஊசிக்கு மாற்றிவிட்டால் கீழ்க் கோட்டின் நிறம் மேல் கோட்டுக்குள் ஏறி நிற்கும். பார்க்கிறவர்கள் "இதை எப்படிப் போட்டீங்க" என்று கேட்பார்கள். ஒரே வரியில் சில இடத்தில் கண்ணியைக் கூட்டி, சில இடத்தில் இரண்டை ஒன்றாக்கிக் குறைத்தால் கோடே அலை மாதிரி நெளிந்து போகும். எதைப் போட்டாலும் முதலில் கையகலத்துக்கு ஒரு துண்டு பின்னிப் பார். பார்த்துவிட்டுத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் பார். இந்தக் கடைசி வாக்கியத்தை நான் போன மாதம்தான் கற்றுக்கொண்டேன், அறுபத்து மூன்று வயதில்.

இப்போது நீ கேட்காததைச் சொல்கிறேன். சுகந்தி எனக்குப் பின்னிக் கொடுத்த மப்ளரைச் சரிபண்ணித் தரச் சொல்லி என்னிடம் கேட்கவே இல்லை. "அந்தப் பிள்ளையேதான் சரிபண்ணிக் குடுங்க மாமான்னு கேட்டுச்சு" என்று போனில் உன்னிடம் நான் சொன்னது பச்சைப் பொய். உன் செய்தியில் இருக்கிறதே, "உருப்படியா முடிக்க வராதே" என்று, அது உன் வாயில் நான் ஊட்டிய சொல். தை பிறந்தால் உங்கள் கல்யாணம். கட்டிக்கொள்ளப் போகிறவளைப் பற்றி ஓர் இளக்காரத்தோடு நீ மணவறையில் உட்காரப் போகிறாய், அதை உனக்குக் கொடுத்தவன் நான். இதைச் சொல்லாமல் உங்கள் மேல் அட்சதை போட என் கை எழாது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஐப்பசியில் சுகந்தி நாமக்கல்லில் லேப் வேலைக்கு இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போகிற வழியில் செம்மேட்டில் இறங்கி நம் வீட்டுக்கு வந்தாள். அம்மாவோடு அடுப்படியில் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, கிளம்பும்போது என் கையில் ஒரு பையைக் கொடுத்தாள். "உங்களுக்குத்தானுங்க மாமா. போன்ல வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டது. குத்தங்குறை இருந்தாச் சொல்லுங்க" என்றாள். அவள் ஏறின பஸ் நகர்ந்ததும் நான் பையைப் பிரித்தேன். பாசிப்பச்சை, சந்தனம், மெரூன் என்று மூன்று நிறத்தில் கோடு போட்ட மப்ளர். ஓரம் சுருளாமல் இருக்க இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து கண்ணி தனியாகப் போட்டிருந்தாள். பரவாயில்லையே என்று திருப்பினேன். என் மூஞ்சி சுருங்கிவிட்டது.

உனக்குத் தெரியும், ஒரு வரி நேர், ஒரு வரி புரட்டு என்று மாற்றி மாற்றிப் போனால் ஒரு பக்கம் வழவழவென்றும் மறுபக்கம் முண்டு முண்டாகவும் வரும். வழவழப் பக்கம்தான் நல்ல பக்கம், அதில்தான் கோடு சுத்தமாகத் தெரியும், முண்டும் முடிச்சும் உள்ளே போய்விட வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு உங்களையெல்லாம் மூன்று தரம் சொல்ல வைப்பேன். இந்தப் பிள்ளை தலைகீழாகப் போட்டிருந்தாள். நூலை மாற்றின முடிச்செல்லாம் முண்டுப் பக்கத்தில் இருந்தது. அதே பக்கத்தில்தான் ஓரமாக என் பெயரின் முதல் எழுத்தையும் தைத்திருந்தாள். அதாவது, அதுதான் வெளிப்பக்கம் என்று வைத்துக்கொண்டே போட்டிருக்கிறாள். ஒரு கோடும் இன்னொரு கோடும் சேருகிற இடத்தில் நிறம் நிறமாகப் புள்ளி. அடிப்படையே தெரியவில்லை என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் உன் அம்மா, பெரியம்மாவின் கண் ஆபரேஷனுக்காக ராசிபுரம் போனாள். நான் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு மப்ளரின் நுனியைப் பிடித்து இழுத்தேன். கோபத்தில் செய்ததாக இருந்தால் இவ்வளவு வெட்கமாக இருக்காது, கண்ணு. நிதானமாக, பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு செய்தேன். ஒவ்வொரு கோட்டிலும் நூல்முனையை அவள் முண்டுகளுக்கு நடுவே ஊசியால் கோர்த்து மறைத்திருந்தாள். அதைக் கண்டுபிடித்து எடுக்கவே எனக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. ஒன்றும் தெரியாத பிள்ளைக்கு இந்த வேலை எப்படி வந்தது என்று அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும். யோசனை வரத்தான் செய்தது. வந்த யோசனையைத் தள்ளிவிட்டு அடுத்த முடிச்சுக்குப் போனேன். நெளிந்து போன நூலை நனைத்து, கொடியில் தொங்கவிட்டு, நேராக்கி, நான்கு நாளில் புதிதாகப் பின்னி முடித்தேன். சாதாரணமாக இல்லை. மேலே சொன்னேனே, கண்ணியைப் பின்னாமல் மாற்றுகிற பின்னல், அதைப் போட்டேன். வெளியே கட்டம் கட்டமாக அவ்வளவு அழகு. உள்ளே நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும், முடிச்சு முடிச்சாக இருக்கும். உள்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

அவளிடம் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று ஆறு நாளாக என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். பதில் அசிங்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். துறையூரில் நம் பங்காளி வீட்டுப் பெண் யாராவது அப்படிப் போட்டுக் கொடுத்திருந்தால், "இதென்னம்மா புது மாதிரியா இருக்குது" என்று கேட்டிருப்பேன். இவள் பெரக்கரை நாட்டு விவசாயி மகள், மலைக்காரப் பிள்ளை, பாவம், தெரியாமல் போட்டிருக்கும் என்று நினைத்தேன். அந்தப் பாவம் என்ற சொல்லை மனசுக்குள் பாசமாகத்தான் சொன்னேன். அதுதான் இன்னும் கேவலம். இவர்கள் விளைவித்த சாமைச் சோறும் மரவள்ளிக்கிழங்கும் தின்றுதான் முப்பத்தோரு வருஷம் ஓடியது. இவர்கள் பிள்ளைகளோடு விளையாடித்தான் நீ வளர்ந்தாய். உங்கள் சம்பந்தத்துக்கு நான் சரி என்றபோது கீழே நம் சொந்தக்காரர்கள் எல்லாரும் "உனக்குப் பெரிய மனசுப்பா" என்றார்கள். நான் அதை மறுக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு நல்ல பெண்ணை மகன் கட்டிக்கொள்வதற்கு அப்பனுக்கு எதற்குடா பெரிய மனசு?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது பென்சில் வைக்க ஓர் உறை பின்னிக் கொண்டுவந்தாய். பச்சையும் வெள்ளையும் கோடு. ஒரு கோடு நாலு வரி, அடுத்தது ஏழு வரி, அதற்கடுத்தது மூன்று. கோடென்றால் அளவாக இருக்க வேண்டும் என்று சொல்லி, வகுப்புக்கு முன்னால் வைத்து நுனியைப் பிடித்து இழுத்தேன். பிள்ளைகள் எனக்கு 'பிரி வாத்தியார்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தது தெரிந்துதானே இருந்தது, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. நீ அழவில்லை. நூலை உருண்டையாகச் சுற்றி என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாய். பையன் புரிந்துகொண்டான் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நீ எதையும் பின்னி என்னிடம் கொண்டுவந்து காட்டியதில்லை. அந்தக் கோடுகள் ஏன் அப்படி இருந்தன என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

கார்த்திகைத் தொடக்கத்தில் நாள் குறிக்கப் பெரக்கரை நாட்டுக்குப் போனோம். உனக்கு ஓசூர் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை, அம்மா இன்னும் ராசிபுரத்தில். நானும் பங்காளிகள் நாலு பேரும் ஜீப்பில் போனோம். நான் அந்த மப்ளரைப் போட்டுக்கொண்டு போனேன். பேச்செல்லாம் முடிந்து எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது சுகந்தியைக் கூப்பிட்டேன். பதினைந்து பேர் உட்கார்ந்திருந்த பாயில் மப்ளரை விரித்துப் போட்டேன். "இங்க பாரு சாமி. நீ போட்டது உள்பக்கம் வெளிய வந்திருச்சு. பிரிச்சுப் புதுசாவே போட்டுட்டேன். கோடுன்னா இப்படித்தான் வரோணும்" என்றேன். பாடம் நடத்தினேனடா, அவள் வீட்டில், அவள் பெற்றவர்கள் முன்னால். சுகந்தி குனிந்து மப்ளரின் ஓரத்தைப் புரட்டி உள்ளே பார்த்தாள். நிமிர்ந்து என் கழுத்தைப் பார்த்தாள். பிறகு, "சரிங்க மாமா" என்றாள். அவள் அப்பா, "வாத்தியார் கைபட்டாத் தனிதானுங்க" என்று சிரித்தார். அவள் அம்மா சிரிக்கவில்லை. காப்பி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சம்பந்தி உனக்குப் போன் பண்ணும்போது இதையும் சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலமே நீ கூப்பிட்டு, "அவ போட்டதை எதுக்குப்பா பிரிச்சீங்க?" என்றாய். உன் குரலில் ஒரு சூடு இருந்தது. அந்தச் சூட்டுக்குப் பயந்து நான் அந்தப் பொய்யைச் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லியது. நீ உடனே தணிந்துவிட்டாய். மறுநாள் கூப்பிட்டு, "அவளைக் கேட்டேன்ப்பா, ஆமான்னு சொல்றா. இவளுக்கு எதையுமே முழுசாச் செய்ய வராது போல" என்று சிரித்தாய். நான் பொய் சொன்னது எனக்குத் தெரியும். அவள் எதற்கு ஆமாம் என்றாள்? கேட்கப் பயந்து நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். நான் கெட்டிக்காரன்கூட இல்லை, ஆனாலும் அது ஓடிக்கொண்டே இருந்தது.

கார்த்திகைக் கடைசியில் குளிர் ஏறியது. என் கழுத்தில் ஏழெட்டு வருஷமாக கரப்பான் என்கிற தோல் நோய் இருக்கிறது, உனக்குத் தெரியாது. கம்பளி பட்டால் தடித்துச் சிவந்து, சொறிந்தால் ரத்தம் வரும். அதனால்தான் சட்டைக் காலருக்குள் எப்போதும் கர்சீப் வைத்திருக்கிறேன். ஊரில் எல்லாரும் அதை வாத்தியார் மிடுக்கு என்று நினைத்துக்கொண்டார்கள், நானும் அப்படியே விட்டுவிட்டேன். ஒருநாள் கர்சீப்பை மறந்துவிட்டு, அந்த மப்ளரைச் சுற்றிக்கொண்டு செம்மேட்டுக்கு நடந்து போய் வந்தேன். வீட்டுக்கு வந்து கழற்றினால் கழுத்து நெருப்பாக எரிந்தது. முடிச்சு பட்ட இடமெல்லாம் தோல் உரிந்திருந்தது. ராசிபுரத்திலிருந்து அன்றுதான் திரும்பியிருந்த உன் அம்மா தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, "எந்த மப்ளருங்க போட்டீங்க? அந்தப் பிள்ளை போட்டதுதான் இருக்குதுங்களே?" என்றாள்.

"இது அதுதான்" என்றேன்.

"இது இல்லீங்க. அது உள்ள வழுவழுன்னு இருந்துச்சு. முடிச்செல்லாம் வெளிய. நான் தொட்டுப் பார்த்தனே."

"தப்பாப் போட்டிருந்துச்சு. பிரிச்சுச் சரி பண்ணினேன்."

எண்ணெய்க் கையோடு அவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "அட கடவுளே! 'மாமா குளிர்லயும் கர்சீப் வெச்சுக்கறாரே, வேர்வைக்கா இருக்காதே, கழுத்துல என்னமாச்சும் இருக்குதுங்களா அத்தை'ன்னு அது முன்னாடியே எங்கிட்டப் போன்ல கேட்டுச்சுங்க. நான் சொன்னேன். உறுத்தக்கூடாதுன்னுதான் வழவழப்பை உள்ள விட்டு, முடிச்சையெல்லாம் வெளிய கொண்டுபோயி மறைச்சிருந்துச்சு. அடுப்படியில எனக்குக் காட்டுச்சு. உங்களுக்குக் கை இருக்குது, கண்ணு எங்கீங்க போச்சு?" என்றாள். இத்தனை வருஷம் பின்னலை ஊருக்கே சொல்லிக்கொடுத்தவன், ஒரு மப்ளர் கழுத்துக்குப் போடுகிற பொருள் என்பதை மறந்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்கு ஞாபகம் இருந்தது. குரங்கு கைப் பூமாலை என்றால் வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

உண்மை தெரிந்த பிறகும் நான் உன்னைக் கூப்பிடவில்லை. கல்யாண வேலை இருக்கிறது, பிறகு சொல்லலாம், சின்ன விஷயம்தானே என்று மார்கழி பிறக்கும்வரை ஒத்திப்போட்டேன். உன் செய்தி வந்த பிறகுதான் அது சின்ன விஷயம் இல்லை என்று உறைத்தது. நேற்று ஞாயிற்றுக்கிழமை, சுகந்தி ஊரில் இருப்பாள் என்று தெரிந்து மினி பஸ் பிடித்துப் பெரக்கரை நாட்டுக்குப் போனேன். சம்பந்தி தோட்டத்தில் மிளகுக் கொடி பார்க்கப் போயிருந்தார். சுகந்தி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "வாங்க மாமா, தனியாவா வந்தீங்க?" என்றாள். உள்ளே போகாமல் நின்றபடியே சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்துபோயிற்று, நான் செய்தது தப்பு, உன் மேல் பொய் சொன்னேன், மன்னித்துவிடு சாமி என்று. அவள் கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

"நீ எதுக்கு ஆமாம்னு சொன்னே?" என்று கேட்டேன்.

"நீங்க பொய் சொல்லிட்டீங்கன்னு அவரு கேட்டப்பவே தெரிஞ்சுதுங்க. உங்கப்பா பொய் சொல்றாருன்னு நானா போய் அவருகிட்டச் சொல்றது? அதைச் சொல்ல வேண்டியது நீங்கதானுங்க. சொல்லுவீங்கன்னு பார்த்தேன்" என்றாள். குரல் உயரவில்லை. அடுத்த துணியை எடுத்துக்கொண்டே, "அதுகூடப் பரவால்லீங்க மாமா. அவரு எங்கிட்ட 'நெசமா?'ன்னு ஒரு வார்த்தை கேக்கலீங்க. 'உனக்கு முடியலேன்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே'ன்னுதான் கேட்டாரு. அப்பவே முடிவு பண்ணிட்டுத்தான் கேட்டாரு. நான் ஆமான்னுட்டேன்" என்றாள்.

அவள் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? "நூலு அப்படியே இருக்குது, பிரிச்சுக் கொண்டாரேன், திரும்ப நீயே போட்டுக் குடு சாமி, எல்லார் முன்னாடியும் நானே போட்டுக்கறேன்" என்றேன். சட்டென்று, "இல்லீங்க மாமா. அதை நான் மறுபடி போட மாட்டேனுங்க" என்றாள். அவள் சொன்னது சரிதான். பிரித்ததைப் பின்னிவிடலாம் என்கிற வாத்தியார் புத்தி எனக்கு இன்னும் போகவில்லை. "எல்லாத்தையும் அவனுக்கு எழுதட்டுமா?" என்று மட்டும் கேட்டேன். இந்த ஒன்றையாவது கேட்டுவிட்டுச் செய்கிறேனே. "எழுதறதுன்னா எல்லாத்தையும் எழுதீருங்க. பாதி சொல்லிப் பாதி மறைக்கறதா இருந்தா வேண்டாமுங்க" என்றாள். அதனால்தான் இவ்வளவு நீளம்.

இதை நான் மூன்று பிரதி எழுதியிருக்கிறேன். ஒன்று உனக்கு, ஒன்று சுகந்திக்கு, ஒன்று அன்று பாயைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்குப் படித்துக் காட்டச் சொல்லிச் சம்பந்திக்கு. பதினைந்து பேர் முன்னால் ஒரு பிள்ளையைத் தலைகுனிய வைத்துவிட்டுக் காதோடு காதாக மன்னிப்புக் கேட்பது திருட்டுத்தனம். பங்காளிகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நீ அவளுக்கு மப்ளர் பின்ன வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவளுக்கு அது வேண்டுமா, எப்படி வேண்டும் என்று அவளைக் கேள். வேண்டாம் என்றால் விட்டுவிடு. என் புத்தி உனக்கும் கொஞ்சம் வந்திருக்கிறது கண்ணு. உன் செய்தியைப் படித்தபோது என் குரலை நானே கேட்ட மாதிரி இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் கேட்காமல் பிரித்தேன், நீ கேட்காமல் நம்பினாய். இரண்டும் ஒரே வீட்டுக் குற்றம்.

படித்து முடித்ததும் உனக்கு என் மேல் கோபம் வரும். என்னைக் கூப்பிட்டுத் திட்ட வேண்டும்போல் இருக்கும். எனக்குப் போன் பண்ணாதே, நான் எங்கும் போய்விட மாட்டேன், திட்டு வாங்கக் காத்திருப்பேன். முதலில் அவளைக் கூப்பிடு. "எங்கப்பா பொய் சொன்னார், நான் உன்னைக் கேட்காமலே நம்பிட்டேன்" என்று சொல். அதோடு நிறுத்திக்கொள். அதற்கப்புறம் அவள் பேசட்டும்.

அப்பா